படம் எங்கிருந்து வருகிறது? ஓவியர்களிடம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கண்காட்சியில் தன் படத்துக்குப் பக்கத்தில் நிற்கும் ஓவியரிடம் வருகிறவர்கள் கேட்பது பெரும்பாலும் ஒன்றுபோலவே இருக்கும். என்னிடமும் பல வருடங்களாகக் கேட்கிறார்கள். நின்ற இடத்தில் இரண்டு வரியில் சொல்லி முடிக்கக்கூடிய கேள்விகள் இல்லை அவை. நான் வரைந்து கற்றதையும், பெரிய ஓவியர்கள் தங்கள் கடிதங்களிலும் குறிப்புகளிலும் பேட்டிகளிலும் சொல்லிவிட்டுப் போனதையும் சேர்த்து இங்கே எழுதியிருக்கிறேன்.

இந்தப் படத்துக்கான யோசனை எப்படி வந்தது?

முதலில் வருவது இந்தக் கேள்விதான். கேட்பவர் ஒரு கதையை எதிர்பார்க்கிறார்: ஒரு பயணம், ஒரு கனவு, ஒரு பிரிவு. சில படங்களுக்கு அப்படிக் கதை இருக்கும். ஆனால் ஓவியர்கள் தங்களுக்குள் மனம்விட்டுப் பேசும்போது கேட்டால், அவர்கள் சொல்வது கண்ணில் பட்ட ஏதோ ஒரு சின்ன விஷயமாக இருக்கும். கொடியில் காயும் இரண்டு சட்டைகளுக்கு நடுவே தெரிந்த வானத்தின் வடிவம். பாதி மூடிய கதவின் விளிம்பில் மட்டும் நின்ற வெளிச்சம். சிவப்புக்குப் பக்கத்தில் வைத்த சாம்பல் நிறம் லேசாகப் பச்சையடித்தது. இவற்றில் கதையே இல்லை. ஆனால் பார்த்த கணத்தில் கை பரபரக்கும். எனக்குத் தெரிந்து பெரும்பாலான படங்கள் அந்தப் பரபரப்பில்தான் தொடங்குகின்றன.

கறை படிந்த சுவரையும் அடுப்புச் சாம்பலையும் மேகத்தையும் சேற்றையும் உற்றுப் பார்க்கச் சொல்லி லியொனார்டோ டா வின்சி ஓவியர்களுக்கு எழுதி வைத்திருக்கிறார். மலைகள், ஆறுகள், போர்க்களங்கள், முகங்கள் எல்லாம் அவற்றில் தெரியும் என்றார். நான் இதைச் செய்து பார்த்திருக்கிறேன். முதல் ஐந்து நிமிடம் கறை கறையாகவே இருக்கும். அப்புறம் ஒரு தோள் தெரியும். தோளைப் பிடித்துக்கொண்டால் கழுத்து தெரியும். எழுந்துபோய்த் திரும்பி வந்தால் அந்தத் தோள் காணாமல் போயிருக்கும். அதனால் பென்சில் கையிலேயே இருக்க வேண்டும்.

கே.சி.எஸ். பணிக்கர் 1963இல் தொடங்கிய ‘சொற்களும் குறியீடுகளும்’ வரிசைக்கு வழிகாட்டியது ஒரு மாணவரின் கணக்கு நோட்டுப் பக்கம். எண்கள், சூத்திரங்கள், வடிவியல் கோடுகள். எல்லோரும் படித்துவிட்டுப் புரட்டிவிடும் பக்கத்தை அவர் படிக்காமல் பார்த்தார். வித்தியாசம் அவ்வளவுதான், அது போதுமானதாக இருந்தது.

உத்வேகம் வரும்வரை காத்திருப்பீர்களா?

இல்லை. காத்திருந்தால் வராது. வேலை செய்துகொண்டிருக்கும் ஆளைத் தேடித்தான் அது வரும்.

வின்சென்ட் வான்கோ ஓவியராவது என்று முடிவு செய்தது 1880இல், தன் 27ஆம் வயதில். 1890இல் இறந்துவிட்டார். அந்தப் பத்தே வருடங்களில் 800க்கும் மேற்பட்ட எண்ணெய் வண்ணப் படங்கள் வரைந்தார். 1888 ஆகஸ்டில் சூரியகாந்திகளை வரைந்தபோது, பூக்கள் சீக்கிரம் வாடிவிடுவதால் விடிந்ததிலிருந்தே வேலை செய்வதாகத் தம்பி தியோவுக்கு எழுதினார். பூ வாடுவதற்குள் முடிக்க வேண்டும் என்ற அவசரம் அவரை எழுப்பியிருக்கிறது. மனநிலை சரியாக இருக்கிறதா என்று பார்க்க நேரமே இருந்திருக்காது.

என் வழக்கத்தைச் சொல்கிறேன். வந்ததும் வண்ணம் குழைக்கும் பலகையான பேலட்டைத் துடைப்பேன். நேற்று மிச்சமான வண்ணங்களை ஒன்றாகக் குழைத்து ஒரு சாம்பல் நிறம் செய்வேன். அதை நான்கு விதமாக, கொஞ்சம் சிவப்புப் பக்கம் சூடாக, கொஞ்சம் நீலப் பக்கம் குளிர்ச்சியாக மாற்றுவேன். இதற்கு அரை மணி நேரம் ஆகும். இந்த அரை மணியில் எந்த எண்ணமும் தேவைப்படாது. ஆனால் நான்காவது சாம்பலைக் குழைக்கும்போதே கண் கேன்வாஸ் பக்கம் போய், ‘இது அந்த மூலைக்குச் சரியாக இருக்குமே’ என்று தோன்றிவிடும்.

வெற்று கேன்வாஸைப் பார்த்தால் பயமாக இருக்கிறது என்று புதிதாக வரைகிறவர்கள் சொல்வார்கள். அந்தப் பயம் நியாயமானது. வெள்ளையின் மேல் எந்த நிறத்தை வைத்தாலும் இருட்டாகத் தெரியும், அதனால் முதல் தீற்றிலேயே கண் ஏமாறும். மெல்லிய காவி நிறத்தைத் தண்ணீர்போல் கரைத்து முழுப் பரப்பிலும் பூசிவிடுங்கள். வெள்ளை போய்விடும், பயமும் பாதி போய்விடும்.

ஒரே பொருளைத் திரும்பத் திரும்ப ஏன் வரைகிறீர்கள்? சலிக்காதா?

எனக்கு மிகவும் பிடித்த கேள்வி இது. கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன்.

கிளாட் மோனே 1890, 91இல் தன் வீட்டருகே இருந்த வைக்கோற்போர்களை ஏறத்தாழ 25 கேன்வாஸ்களில் வரைந்தார். முதலில் ஒன்றிரண்டு கேன்வாஸ் போதும் என்றுதான் நினைத்தார். வெளிச்சம் மாறியது, இன்னொரு கேன்வாஸ் கொண்டுவரச் சொல்லி வளர்ப்பு மகளை அனுப்பினார். மறுபடி மாறியது, மறுபடி ஒன்று. கடைசியில் பல கேன்வாஸ்களைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, எந்த வெளிச்சம் திரும்பி வருகிறதோ அதற்கான கேன்வாஸை எடுத்து வேலை செய்தார். 1891இல் ஆற்றங்கரையில் வரிசையாக நின்ற பாப்லர் மரங்களை வரைந்தபோது ஒரு குறிப்பிட்ட வெளிச்சம் ஏழு நிமிடம்தான் நின்றதாம். நடுவில் அந்த மரங்கள் வெட்டுவதற்காக ஏலத்துக்கு வந்தன. வாங்கிய மரவியாபாரிக்குப் பணம் கொடுத்து, தன் படங்கள் முடியும்வரை மரங்களை விட்டுவைக்கச் சொன்னார் மோனே.

மரத்தை வரைகிறவர் ஒரே படத்தோடு முடித்துவிடலாம். அவர் வரைந்துகொண்டிருந்தது மரத்தின் மேல் வந்து போகும் நேரத்தை. அது எப்படிச் சலிக்கும்?

பால் செசான் சாந்த் விக்துவார் மலையை எண்ணெய் வண்ணத்திலும் நீர்வண்ணத்திலுமாகப் பல பத்து முறை வரைந்தார். இறந்த ஆண்டான 1906 வரைக்கும் அதை விடவில்லை. ஆப்பிள்களை மேசையில் அடுக்கும்போது அடியில் நாணயங்களை முட்டுக்கொடுத்து, ஒவ்வொன்றையும் தனக்கு வேண்டிய கோணத்தில் சாய்த்து வைப்பாராம். அடுக்கி முடிப்பதற்கே அவ்வளவு நேரம். படம் அங்கேயே பாதி நடந்துவிடுகிறது என்று நினைக்கிறேன்.

ஜார்ஜோ மொராண்டி வாழ்நாளின் பெரும்பகுதியைப் புட்டிகள், ஜாடிகள், டப்பாக்களோடு கழித்தார். சில புட்டிகளுக்கு மேலேயே வண்ணம் பூசி வைத்தார், கண்ணாடியின் பளபளப்பு கண்ணைத் திசைதிருப்பக் கூடாது என்பதற்காக. அவர் படத்தில் இரண்டு புட்டிகளின் விளிம்புகள் எங்கே தொடுகின்றன, எங்கே ஒரு நூலிழை விலகி நிற்கின்றன என்று பாருங்கள். அந்த நூலிழை இடைவெளி மாறினால் படமே மாறிவிடும். அதைப் பார்க்கப் பழகியவருக்கு ஒரு ஜாடி போதும்.

முழுப் படமும் மனதில் தெரிந்த பிறகுதான் தொடங்குவீர்களா?

சிலர் அப்படி. ஆனால் மனதில் தெரிவது மங்கலாகத்தான் இருக்கும். கனவில் பார்த்த முகம் மாதிரி, ‘தெரியும்’ என்று தோன்றும், மூக்கை வரையச் சொன்னால் திணறிப்போவோம்.

பிகாசோவின் ‘குவெர்னிகா’ நமக்கு நல்ல சாட்சி. குவெர்னிகா என்ற ஸ்பெயின் ஊர்மேல் குண்டு போட்டது 1937 ஏப்ரல் 26இல். மே 1ஆம் தேதி முதல் ஸ்கெட்சுகளைப் போட்டார். ஏழே முக்கால் மீட்டர் நீளமான கேன்வாஸ் ஜூன் தொடக்கத்தில் முடிந்தது. வரைய வரைய அதன் ஒவ்வொரு கட்டத்தையும் அவர் தோழியான புகைப்படக் கலைஞர் டோரா மார் படம் எடுத்து வைத்தார். அதனால் நமக்குத் தெரிகிறது: ஆரம்பத்தில் முஷ்டி மடக்கி உயர்த்திய ஒரு கை இருந்தது, அப்புறம் அது போய்விட்டது. சூரியன் போல இருந்த ஒன்று விளக்காக மாறியது. இன்று அந்தப் படத்தில் அசைக்க முடியாதவையாகத் தெரியும் பல விஷயங்கள் அந்த ஐந்து வாரங்களில் இடம் மாறி, உருமாறி வந்தவை.

மத்தீஸ் 1935இல் வரைந்த இளஞ்சிவப்புப் பெண் உருவத்துக்கு 22 கட்டங்களின் புகைப்படங்கள் இருக்கின்றன. மாற்றங்களைச் சோதித்துப் பார்க்க வண்ணக் காகிதத்தை வெட்டிக் கேன்வாஸ்மேல் குத்தி வைத்தார். பிடித்தால் வரைவார், பிடிக்காவிட்டால் எடுத்துவிடுவார். பல வருடம் கழித்து, 1941இல் பெரிய அறுவைச் சிகிச்சை ஆகி நெடுநேரம் நின்று வரைய முடியாமல் போனபோது, அந்தக் காகிதமும் கத்தரிக்கோலும்தான் அவர் கலையானது. உதவியாளர்கள் காகிதத்துக்கு வண்ணம் பூசித் தர, அவர் வண்ணத்துக்குள் நேரடியாகக் கத்தரித்தார். சோதித்துப் பார்க்க வைத்திருந்த ஒரு வழி, பிறகு முழுக் கலையாகவே வளர்ந்தது. இது எந்தத் திட்டத்திலும் இருந்திருக்க முடியாது.

ஜாக்சன் போலாக் கேன்வாஸைத் தரையில் விரித்து, நான்கு பக்கமும் சுற்றி நடந்து வண்ணத்தைக் கொட்டினார். படத்துக்கு உள்ளேயே இருப்பதுபோல உணர்வதாகச் சொன்னார். அவரிடம் ‘முன்பே தெரியுமா’ என்று கேட்டால் கேள்வியே பொருந்தாது.

வண்ணங்களை எப்படித் தேர்ந்தெடுக்கிறீர்கள்?

பிடித்த நிறம் என்று எதையும் வைத்துக்கொள்வதில்லை. பக்கத்தில் எது இருக்கிறது என்பதை வைத்துத்தான் ஒரு நிறம் நல்லதா கெட்டதா என்று சொல்ல முடியும்.

பிரான்சில் கோபெலின் திரைச்சீலை நெசவாலையில் சாயப் பிரிவைக் கவனித்தவர் செவ்ரூல் என்ற வேதியியல் அறிஞர். கறுப்புச் சாயம் அழுத்தமாக இல்லை என்று அவருக்குப் புகார் வந்தது. சோதித்துப் பார்த்தால் சாயத்தில் குறையில்லை. பக்கத்தில் ஓடிய நீலம், ஊதா நூல்கள்தான் கறுப்பை வெளிறிப்போகச் செய்தன. அதைத் தொடர்ந்து அவர் 1839இல் வெளியிட்ட ஆய்வு, பின்னால் வந்த ஓவியர்களின் கண்ணையே மாற்றியது. ஜோசப் ஆல்பர்ஸ் 1950இலிருந்து 1976இல் இறக்கும்வரை சதுரத்துக்குள் சதுரமாக ஆயிரத்துக்கும் மேற்பட்ட படங்கள் வரைந்தார். நோக்கம் ஒன்றுதான்: ஒரு நிறம் பக்கத்து நிறத்தால் எப்படி மாறுகிறது என்று பார்ப்பது. எந்த வண்ணத்தைப் போட்டார் என்று படத்தின் பின்புறம் கவனமாகக் குறித்து வைத்தார்.

வீட்டிலேயே செய்து பார்க்கலாம். மரநாற்காலியின் முதுகில் ஒரு வெள்ளைத் துணியைப் போடுங்கள். ஒரு பக்கம் ஜன்னல் இருக்கட்டும். துணி வெள்ளை என்று நமக்குத் தெரியும், அந்தத் தெரிதல்தான் பிரச்சினை. கண்ணை லேசாகச் சுருக்கிப் பாருங்கள். ஜன்னல் பக்கத்துத் துணி கொஞ்சம் நீலமாக இருக்கும், வானத்தின் நீலம் அது. மடிப்புக்குள் போனால் சாம்பல். மரத்தை ஒட்டித் தொங்கும் மடிப்பின் உட்புறத்தில், இருட்டாக இருக்க வேண்டிய இடத்தில், ஒரு ஆரஞ்சு வெதுவெதுப்பு இருக்கும். வெளிச்சம் மரத்தில் பட்டுத் துணிக்குத் திரும்புகிறது. அல்ட்ராமரின் நீலமும் பர்ன்ட் சியன்னா என்ற செம்பழுப்பும் வெள்ளையும் மட்டும் வைத்துக்கொண்டு நான் இதை ஒரு முழுக் காலை வரைந்தேன். குழாயிலிருந்து வந்த சுத்த வெள்ளையை வைக்க அந்தத் துணியில் ஒரே இடம்தான் இருந்தது, நகக்கண் அளவு. அதைக் கடைசிவரை வைக்காமல் காத்திருந்தேன். வைத்ததும் மொத்தத் துணியும் வெள்ளையானது. அன்றைக்கு எனக்கு இருந்த சந்தோஷத்தைச் சொல்லி முடியாது.

ஸ்கெட்ச் புக்கில் என்ன இருக்கும்?

அழகான படங்கள் இருக்கும் என்று நினைத்துத் திறப்பவர்கள் ஏமாந்துபோவார்கள். பாதிக் கோடுகள், அம்புக்குறிகள், நிறங்களின் பெயர்கள், ‘இங்கே இன்னும் இருட்டு’ மாதிரிக் குறிப்புகள்.

ஜான் கான்ஸ்டபிள் 1821, 1822இல் வெறும் மேகங்களை மட்டும் ஏராளமாக வரைந்தார். பின்புறத்தில் தேதி, நேரம், காற்று எந்தப் பக்கம் வீசியது, மழை வந்ததா என்றெல்லாம் எழுதி வைத்தார். பியர் பொனார் சட்டைப்பையில் அடங்கும் நாட்குறிப்பில் பென்சிலால் கிறுக்குவார், அன்றைய வானிலையை ஓரிரு சொல்லில் குறித்துக்கொள்வார். பிறகு நேரில் பார்க்காமல், அறைக்குள் சுவரில் குத்திய கேன்வாஸில் நினைவிலிருந்து வரைவார். பொருள் கண்முன்னே இருந்தால் அது தன்னை இழுத்துக்கொண்டு போய்விடும், முதலில் தோன்றியது தொலைந்துபோகும் என்பது அவர் கவலை. அந்தக் கவலை எனக்கும் உண்டு. அதனால் ஸ்கெட்ச் போடும்போது பொருளை முழுதாக வரையாமல், என்னை நிறுத்தியது எதுவோ அதை மட்டும் குறித்துக்கொள்கிறேன்.

இன்னொருவர் படத்தைப் பார்த்து வரைந்தால் அது திருட்டா?

சொந்தமாகச் செய்தது என்று சொல்லி விற்றால் திருட்டு. கற்றுக்கொள்ள வரைந்தால் அதைவிட நல்ல பள்ளிக்கூடம் கிடையாது.

வான்கோ 1887இல் ஹிரோஷிகேயின் ஜப்பானிய மர அச்சுப் படங்கள் இரண்டை எண்ணெய் வண்ணத்தில் வரைந்தார். பிறகு மனநல விடுதியில் இருந்த நாட்களில், பிரெஞ்சு ஓவியர் மிலேயின் படங்களின் கறுப்பு வெள்ளை அச்சுகளை முன்னால் வைத்து, சொந்த வண்ணத்தில் வரைந்தார். இன்னொருவர் எழுதிய இசையை வாசிக்கும் கலைஞரோடு இதை ஒப்பிட்டுத் தம்பிக்கு எழுதினார். எனக்கு இதைவிடத் தெளிவான விளக்கம் கிடைத்ததில்லை. ஒரு படத்தை வெறுமனே பார்க்கும்போது அதில் கஷ்டம் தெரியாது. கையால் பின்தொடரும்போதுதான், இந்த வளைவு இங்கே ஏன் திரும்புகிறது என்ற கேள்வி வருகிறது. நீங்கள் திருப்பிப் பார்த்துத் தோற்ற இடத்தில் அவர் என்ன செய்தார் என்பது அப்போது புரியும்.

புகைப்படத்தைப் பார்த்து வரையலாமா?

வரையலாம். கெர்ஹார்ட் ரிக்டர் புகைப்படங்களை வைத்தே தன் வழியை உருவாக்கியவர். ஆனால் புகைப்படம் நிழலுக்குள் இருப்பதைப் பெரும்பாலும் கறுப்பாக்கிவிடும், நேரில் பார்த்தால் அங்கே நிறம் இருக்கும். கொஞ்ச காலம் நேரில் வரைந்து பழகியவருக்கு அது விடுபட்டிருப்பது தெரியும்.

உருவமே இல்லாத படங்களுக்கு எது தூண்டுதல்?

காண்டின்ஸ்கி தன் நினைவுகளில் இரண்டு சம்பவங்களைச் சொல்கிறார். 1896இல் மாஸ்கோ கண்காட்சி ஒன்றில் மோனேவின் வைக்கோற்போர் படத்தைப் பார்த்தார். அது வைக்கோற்போர் என்றே அவருக்குத் தெரியவில்லை, பட்டியலைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டார். வரைந்திருப்பது எது என்று தெரியாமல் இருந்தும் படம் மனதில் ஆழமாகப் பதிந்துவிட்டது. பல வருடம் கழித்து, ஒரு மாலை மங்கலில் தன் அறைக்குள் நுழைந்தவர் மிக அழகான ஒரு படத்தைக் கண்டு நின்றுவிட்டார். அது அவர் வரைந்ததே, பக்கவாட்டில் சாய்த்து வைக்கப்பட்டிருந்தது. மறுநாள் பகல் வெளிச்சத்தில் அந்த அழகைத் திரும்பக் கொண்டுவர முயன்றார், முழுதாக முடியவில்லை. அடையாளம் தெரியும் பொருட்கள் படத்துக்குத் தடையாக இருக்கின்றன என்ற முடிவுக்கு வந்தார்.

இந்திய ஓவியர் எஸ்.எச். ராசா தன் படங்களில் திரும்பத் திரும்ப வரைந்த புள்ளி இன்னொரு வகை. கவனம் சிதறிய சிறுவனாக இருந்தபோது, ஆசிரியர் சுவரில் ஒரு புள்ளி வைத்து அதையே பார்க்கச் சொன்னதை அவர் வாழ்நாள் முழுதும் நினைவுகூர்ந்தார். பாரிசில் பல காலம் நிலக்காட்சிகளை வரைந்த பிறகு அந்தப் புள்ளிக்குத் திரும்பினார். மெல்லிய கோடுகளால் கட்டங்களை வரைந்த ஆக்னெஸ் மார்ட்டின், மரங்களின் மாசற்ற தன்மையை நினைத்துக்கொண்டிருந்தபோது மனதில் வந்தது கட்டம் போட்ட ஒரு தாள் என்று சொன்னார். மரம் வரவில்லை, கட்டம் வந்தது. ‘இதில் மரம் எங்கே’ என்று கேட்காமல், அந்தக் கோடுகளுக்கு முன்னால் இரண்டு நிமிடம் நின்றால் உங்கள் மூச்சு மெதுவாவதை நீங்களே கவனிக்கலாம்.

துயரத்தில் இருந்தால்தான் நல்ல படம் வருமா?

இந்த நம்பிக்கை இளைஞர்களை உண்மையிலேயே காயப்படுத்துகிறது, அதனால் நேராகச் சொல்லிவிடுகிறேன்: இல்லை. வான்கோவின் நோய் கடுமையாகத் தாக்கிய நாட்களில் அவரால் பெரும்பாலும் வேலை செய்ய முடியவில்லை. தெளிந்து எழுந்த நாட்களில் வரைந்தார். வேலைதான் தனக்கு மருந்து என்று எழுதினார். ஃப்ரீடா காலோ 1925 பேருந்து விபத்துக்குப் பிறகு படுக்கையில் கிடந்தபோது, கட்டிலுக்கு மேலே கண்ணாடி மாட்டிக்கொடுத்தார்கள், படுத்தபடி வரைய ஒரு தாங்கியும் செய்தார்கள். வலி எல்லோருக்கும் வரும். கண்ணாடியும் தாங்கியும் அவற்றின் எதிரே தினமும் செலவழித்த மணிக்கணக்கும்தான் அவரை ஓவியர் ஆக்கின. மனம் உடைந்திருந்தால் உதவி தேடுங்கள், சிகிச்சை எடுத்துக்கொள்ளுங்கள். தூக்கம் நன்றாக வந்தால் நிறங்கள் இன்னும் தெளிவாகத் தெரியும்.

பாதியில் படம் நின்றுபோனால் என்ன செய்வீர்கள்?

கண்ணாடியில் பார்ப்பேன். இதுவும் லியொனார்டோ சொன்னதே: இடவலம் மாறியதும் படம் வேறு யாரோ வரைந்தது போலாகிவிடும், பிழை உடனே கண்ணில் படும். படத்தைத் தலைகீழாக வைப்பதும், தூரம் போய்ப் பார்ப்பதும் அதே காரணத்துக்குத்தான்.

இன்னொன்று இருக்கிறது, அது கஷ்டமானது. பெரும்பாலும் படத்தை நிறுத்தி வைத்திருப்பது அதில் உள்ள மிக அழகான பகுதியாகவே இருக்கும். ஒரு முறை ஒரு பெண்ணின் கையை நன்றாக வரைந்துவிட்டேன். அந்தக் கை கெடக் கூடாது என்று மற்ற எல்லாவற்றையும் அதற்கேற்ப மாற்றிக்கொண்டே போனேன், மூன்று வாரம். ஒரு மதியம் பேலட் கத்தியை எடுத்து அந்தக் கையைச் சுரண்டினேன். ஈர வண்ணம் கத்தி முனையில் சுருளாக வந்தது. அடியில் பழைய காவிப் பூச்சு தெரிந்தது. அந்தக் காவியே அங்கே போதுமானதாக இருந்தது. மாலைக்குள் படம் நகர ஆரம்பித்துவிட்டது.

படம் முடிந்தது என்று எப்படித் தெரியும்?

செசான் 1899இல் ஓவிய வியாபாரி வொல்லாரின் உருவப்படத்தை வரைந்தார். வொல்லார் 115 முறை அசையாமல் உட்கார்ந்ததாக எழுதியிருக்கிறார். கையில் இரண்டு சிறு இடங்கள் வண்ணம் படாமல் வெறுமையாக இருந்தன. கேட்டபோது, அங்கே ஏதோ ஒரு நிறத்தைச் சும்மா வைத்துவிட்டால் அந்த இடத்திலிருந்து தொடங்கி முழுப் படத்தையும் திரும்ப வரைய வேண்டியிருக்கும் என்றாராம் செசான். முடிவில், சட்டையின் முன்புறம் பரவாயில்லை என்ற அளவுக்குத்தான் திருப்திப்பட்டார்.

எனக்கு இருக்கும் அளவுகோல் இது: அடுத்த தீற்று எதையாவது சரிசெய்யுமா, அல்லது என் கை சும்மா இருக்க முடியாமல் போகிறதா? இரண்டாவது என்றால் தூரிகையைக் கழுவிவிட்டுப் படத்தைச் சுவர் பக்கம் திருப்பி வைத்துவிடுவேன். இரண்டு வாரம் கழித்துத் திருப்பினால், வேண்டியது என்ன என்று முதல் பார்வையிலேயே தெரியும். பல நேரம் ஒன்றுமே வேண்டியிருக்காது.

கண்காட்சிக்கு என் படங்களைப் பற்றி ஒரு பக்கம் எழுதித் தரச் சொல்கிறார்கள். என்ன எழுதுவது?

பெரிய சொற்களை விட்டுவிடுங்கள். ‘இருத்தலின் அகவெளி’ என்று எழுதினால் படிப்பவருக்கு உங்கள் படத்தில் எதையும் கூடுதலாகப் பார்க்க முடியாது. எதைப் பார்த்தீர்கள், எந்த நேரத்தில், எந்தப் பொருளால் வரைந்தீர்கள், எங்கே மாற்றினீர்கள். இவற்றை எழுதுங்கள். ‘இந்த வரிசையை மாலை ஆறு மணிக்கு மாடிப்படியில் விழும் வெளிச்சத்தை வைத்து வரைந்தேன். முதல் இரண்டில் ஆட்கள் இருந்தார்கள், பிறகு அவர்களை எடுத்துவிட்டேன்’ என்று எழுதினால், படிப்பவர் உடனே படத்தில் அந்த இல்லாத ஆட்களைத் தேட ஆரம்பிப்பார்.

எனக்கு வயதாகிவிட்டது. இப்போது தொடங்கினால் கண் பழகுமா?

பழகும். ஜப்பானிய ஓவியர் ஹொகுசாய் ‘பேரலை’ என்ற மர அச்சுப் படத்தை வெளியிட்டபோது எழுபதைத் தாண்டியிருந்தார். 1834இல் அவர் எழுதியது: ஆறு வயதிலிருந்து வரைகிறேன், எழுபதுக்கு முன் வரைந்ததில் பொருட்படுத்தத் தக்கது எதுவும் இல்லை, எழுபத்து மூன்றில்தான் உயிர்களின் அமைப்பு கொஞ்சம் பிடிபட்டது, நூற்றுப் பத்தில் ஒவ்வொரு புள்ளியும் கோடும் உயிரோடு இருக்கும். 1849இல் இறக்கும்வரை வரைந்துகொண்டே இருந்தார்.

இன்றைக்கே தொடங்க ஒன்று சொல்கிறேன். ஒரு கண்ணாடிக் குவளையில் பாதி தண்ணீர் ஊற்றி ஜன்னலோரம் வையுங்கள். குவளையை வரைய வேண்டாம். மேசைமேல் விழும் அதன் நிழலை மட்டும் வரையுங்கள். நிழலுக்கு நடுவில் ஒரு வெளிச்சக் கீற்று இருக்கும், தண்ணீர் சேர்த்துக் குவித்த வெயில் அது. இருபது நிமிடத்தில் அது நகர்ந்திருக்கும். நகர்ந்த பிறகு இன்னொரு தாளை எடுத்துக்கொள்ளுங்கள்.